வாகன ஹாய்ஸ்ட் பாதுகாப்பு ஆய்வும் மெய்நிகர் பயிற்சியும்

வாகன ஹாய்ஸ்ட் என்பது கார், வேன் போன்ற வண்டிகளை உயர்த்தி, அவற்றின் அடியில் நின்றபடி பழுதுபார்க்க உதவும் இயந்திரம். பட்டறைகளில் இதனை லிஃப்ட் என்றும் அழைப்பர். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை தலைக்கு மேல் நிற்பதால், வண்டியை ஏற்றுவதற்கு முன் ஹாய்ஸ்டைச் சோதித்துப் பார்ப்பது மோட்டார் மெக்கானிக் தொழிலின் அடிப்படைப் பாடமாகும். இப்பாடத்தைக் கணினிவழிப் பாவனையில் கற்பிக்கும் முறை அண்மைக் காலத்தில் உருவானது.

பள்ளத்திலிருந்து ஹாய்ஸ்டுக்கு

தொடக்ககாலப் பட்டறைகளில் தரையில் நீள்பள்ளம் வெட்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தி வேலை செய்தனர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது பள்ளத்தில் தேங்குவதால் தீவிபத்து அபாயம் இருந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி 1925-இல் ஹைட்ராலிக் வாகன ஹாய்ஸ்டுக்குக் காப்புரிமை பெற்றார். தரைக்குள் புதைக்கப்பட்ட ஒற்றைத் தண்டு வண்டியை உயர்த்தும் இவ்வகை, தமிழ்நாட்டில் பெட்ரோல் பங்க்குகளை ஒட்டிய வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் பரவலாகக் காணப்பட்டது. பின்னர் இரண்டு தூண், நான்கு தூண் ஹாய்ஸ்டுகள் வந்தன. அமெரிக்க ஹாய்ஸ்ட் உற்பத்தியாளர்கள் 1945-இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துப் பாதுகாப்புத் தரங்களை வகுத்தனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்ற ஆய்வாளர் சோதிக்க வேண்டும் என்பது அத்தரங்களுள் ஒன்று.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 28-ஆம் பிரிவில் ஹாய்ஸ்டுகளையும் லிஃப்டுகளையும் பற்றிப் பேசியது. தகுதியுடைய நபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். சோதனை விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தூக்கக்கூடிய அதிகபட்ச எடையை இயந்திரத்தின் மேல் குறிக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறியது. ஆனால் வழிகாட்டித் தண்டுகளுக்குள் இயங்கும் மேடையோ கூண்டோ உள்ள இயந்திரத்தையே அது ஹாய்ஸ்டாகக் கொண்டது. நான்கு தூண் வகையில் வண்டி நிற்க மேடை உண்டு. இரண்டு தூண் வகையில் மேடை இல்லை. கைகளே வண்டியைத் தாங்குகின்றன.

இன்னொரு வரம்பும் இருந்தது. மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், பயன்படுத்தாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது பொதுவாகத் தொழிற்சாலை எனப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த எண்ணிக்கையை 20, 40 என உயர்த்தியது.

கடலூர் வட்டாரம்

கெடிலம் ஆற்றின் வடகரையில் உள்ள மஞ்சக்குப்பம் கடலூர் நகரின் ஒரு பகுதி. புதுச்சேரியிலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலைப் போக்குவரத்தைச் சார்ந்து இவ்வட்டாரத்தில் பல வண்டிப் பட்டறைகள் இயங்குகின்றன. ஒரு மேஸ்திரியும் இரண்டு மூன்று பையன்களும் வேலை செய்யும் பட்டறை, தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க யாரும் வரப்போவதில்லை. அங்கு ஹாய்ஸ்டைச் சோதிக்கும் ஒரே ஆள், அதன் அடியில் நிற்கப்போகும் மெக்கானிக்தான். எனவே அவர் பயிற்சிக்காலத்தில் பெறும் பழக்கமே அவருக்கான பாதுகாப்பு.

அப்பயிற்சிக்கு அடித்தளம் 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம். அதன்கீழ் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. கடலூர் செம்மண்டலத்திலும் சிதம்பரத்திலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. இப்பயிற்சிக்கான பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் 1986-இல் ஜெர்மனியின் உதவியுடன் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்டது.

ஆய்வு முறை

இரண்டு தூண் ஹாய்ஸ்டில் சோதிக்க வேண்டியவை:

1. தூணைக் கான்கிரீட் தரையோடு பிணைக்கும் நங்கூர போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, தரையில் விரிசல் உள்ளதா.
2. இரும்புக் கயிற்றில் இழை அறுந்துள்ளதா. வெறுங்கையால் தடவிப் பார்க்கக் கூடாது.
3. ஹைட்ராலிக் குழாய்களில் எண்ணெய்க் கசிவு உள்ளதா.
4. தாங்கு கைகளின் பூட்டுகளும் ரப்பர் பட்டைகளும் சரியாக உள்ளனவா.
5. இயந்திரப் பாதுகாப்புப் பூட்டு இரண்டு தூண்களிலும் ஒரே உயரத்தில் விழுகிறதா.

அதன்பின் வண்டியைச் சிறிதளவு தூக்கி, அசைத்துப் பார்த்து, சமநிலை சரியாக இருந்தால் மட்டுமே மேலே உயர்த்த வேண்டும். உயர்த்தியபின் எடையைப் பூட்டின்மேல் இறக்கி நிறுத்துவது முறை. எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி அடியில் நிற்கக் கூடாது.

மெய்நிகர் பயிற்சி

இப்பாடத்தில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல நிலையில் உள்ள ஹாய்ஸ்டில் பழுதைக் காட்ட முடியாது. பழுதான ஹாய்ஸ்டின் அருகே மாணவரை நிறுத்த முடியாது. விமானிகளுக்காக எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கிய பயிற்சிக் கருவி இதே சிக்கலிலிருந்து பிறந்தது. ஹாய்ஸ்ட் பாவனையில் பழுதை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைக்கலாம். மாணவர் அறுந்த இழையைக் கவனிக்கத் தவறினால் திரையில் வண்டி சரியும். யாருக்கும் காயம் ஏற்படாது. ஒரே சோதனையை இருபது முறை செய்து பார்க்கலாம்.

தொழிற்கல்வியில் இவ்வழியை இந்தியாவில் முன்னெடுத்தவற்றுள் அமிர்தா பல்கலைக்கழகத்தின் அம்மாச்சி ஆய்வகம் ஒன்று. குழாய் பொருத்துதல் போன்ற தொழில்களுக்கு, தொடு உணர்வு தரும் பாவனைக் கருவிகளை அது உருவாக்கியது. தமிழ்நாடு அரசு 2022-இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. மின்வாகன மெக்கானிக் பயிற்சியும் இதில் சேர்ந்தது. பல மின்கார்களில் எடைமிக்க பேட்டரி தரைத்தளத்தின் அடியில் உள்ளது. தாங்கு கை அதன்மேல் அழுந்தினால் ஆபத்து என்பதால் தூக்கும் புள்ளிகளைப் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.

வரம்புகள்

திரையில் போல்ட்டின் தளர்வைக் காணலாம். ஸ்பேனரில் அதை உணர முடியாது. எண்ணெயின் வழுக்கல், பூட்டு விழும் ஒலியில் உள்ள வேறுபாடு ஆகியவை உண்மையான இயந்திரத்தின் முன்னரே பழகும். ஆகவே மெய்நிகர் பயிற்சி நேரடிப் பயிற்சிக்கு முந்தைய படியே தவிர, அதற்கு மாற்று அல்ல. எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எப்போது தூக்க மறுக்க வேண்டும் என்ற மூன்றையும் மாணவர் மனத்தில் பதிய வைப்பதே அதன் பயன்.