நோயாளி அனுபவ ஆய்வு

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரிடம், அங்கே தன்னை எப்படி நடத்தினார்கள் என்று கேள்வித்தாள் வழியே கேட்டு, அந்தப் பதில்களைக் கொண்டு மருத்துவமனையின் தரத்தை அளப்பது நோயாளி அனுபவ ஆய்வு. காய்ச்சல் தணிந்ததா, தையல் ஆறியதா என்பதை மருத்துவக் குறிப்பேடு சொல்லிவிடும். மருத்துவர் புரியும்படி பேசினாரா, வீட்டுக்குப் போனபின் எந்த மாத்திரை எதற்கு என்று யாராவது விளக்கினார்களா என்பதைக் கட்டிலில் படுத்திருந்தவர்தான் சொல்ல முடியும்.

மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க 1966இல் அவெடிஸ் டொனபெடியன் வழிகாட்டினார். நோயாளியை மையமாக வைத்த மருத்துவம் என்ற கருத்தை 1969இல் இங்கிலாந்தில் ஈனிட் பாலின்ட் எழுதினார். அமெரிக்காவில் 1985இல், மானிடவியலாளர் இர்வின் பிரெஸ்ஸும் சமூகவியலாளர் ராட் கேனியும் தொடங்கிய பிரெஸ் கேனி நிறுவனம் திருப்திக் கணக்கெடுப்பை ஒரு தொழிலாகவே வளர்த்தது. ஆனால் ‘திருப்தியா?’ என்ற கேள்வியில் ஒரு பெருங்குறை உண்டு. உயிர் பிழைத்து வந்தவர் நன்றியுணர்வில் ‘நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க’ என்று சொல்லிவிடுவார். மீண்டும் அதே இடத்துக்குப் போக வேண்டியவர் குறை சொல்லத் தயங்குவார். மரியாதையே கிடைக்காது என்று பழகிப்போனவருக்குக் கொஞ்சம் கிடைத்தாலும் போதும்.

இந்தக் குறையை நீக்கும் வழி பாஸ்டனில் பிறந்தது. எக்ஸ்ரே கருவிகள் தயாரித்த குடும்பத்தைச் சேர்ந்த ஹார்வி பிக்கரின் மனைவி ஜீன், தீராத நோயால் நெடுங்காலம் மருத்துவமனைகளுக்கு அலைந்தவர். மருத்துவர்களின் திறமை பற்றி இருவருக்கும் குறையில்லை; நோயாளியை மனிதராக மதிக்காத போக்குதான் அவர்களை வருத்தியது. அவர்களுடைய அறக்கட்டளையும் காமன்வெல்த் நிதியமும் சேர்ந்து 1987இல் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் தாமஸ் டெல்பாங்கோ தலைமையில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. நோயாளிகளையும் குடும்பத்தினரையும் உட்காரவைத்து, எது முக்கியம் என்று அவர்களிடமே கேட்டார்கள். மதிப்பு, தகவல், ஒருங்கிணைப்பு, உடல் வசதி, மன ஆறுதல், குடும்பத்தின் பங்கு, வீடு திரும்பும் ஏற்பாடு ஆகியவை அதிலிருந்து அளவுகோல்களாயின. 62 மருத்துவமனைகளில் 6,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் தொலைபேசியில் கேட்ட ஆய்வு 1991இல் வெளியானது.

கேள்வியின் வடிவத்தை மாற்றியதே இவர்களின் பெரும் பங்களிப்பு. ‘எவ்வளவு பிடித்தது?’ என்பதை விட்டுவிட்டு ‘என்ன நடந்தது?’ என்று கேட்டார்கள். இதன் அருமையை 2002இல் ஸ்காட்லாந்து நோயாளிகளிடையே ஜென்கின்சன், கூல்ட்டர் குழுவினர் நடத்திய ஆய்வு காட்டியது: சிகிச்சை ‘மிகச் சிறப்பு’ என்று மதிப்பிட்டவர்களே நடந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டபோது பல குறைகளைக் குறித்திருந்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, உள்நோயாளிகளுக்கான நாடு தழுவிய ஆய்வைத் தொடங்கியது.

அமெரிக்க அரசின் ‘எச்கேப்ஸ்’ கேள்வித்தாள் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனை வாரியான முடிவுகள் 2008 மார்ச் முதல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 2024 வரை அதில் இருந்த ஒரு கேள்வி: அழைப்பு மணியை அழுத்தியபின், வேண்டிய நேரத்தில் எத்தனை முறை உதவி கிடைத்தது? ஒருபோதும் இல்லை, சில நேரம், பெரும்பாலும், எப்போதும் என நான்கு விடைகள். மருத்துவமனைகளின் முக்கிய மதிப்பெண்ணில் ‘எப்போதும்’ என்ற விடையே எண்ணப்படுகிறது. கழிப்பறைக்குப் போக உதவி வேண்டிக் காத்திருக்கும் முதியவருக்குப் ‘பெரும்பாலும்’ என்பது போதாது என்பதால், இந்தக் கண்டிப்பு நியாயமானதே. வயது, கல்வி, உடல்நிலை ஆகியவற்றால் பதில்கள் மாறும் என்பதால் மதிப்பெண்களைத் திருத்தியே ஒப்பிடுகிறார்கள்.

2012 அக்டோபர் முதல், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தரும் கட்டணத்தின் ஒரு பகுதி இம்மதிப்பெண்ணோடு பிணைக்கப்பட்டது. தர மதிப்பீட்டில் 30 விழுக்காடு நோயாளி அனுபவத்துக்குப் போனது. பணம் சேர்ந்ததும் சிக்கலும் சேர்ந்தது. வலியைத் தணிக்க ஊழியர்கள் இயன்றதெல்லாம் செய்தார்களா என்ற கேள்விதான் இதில் மிகவும் வேதனையானது. ஓபியாய்டு வலிநீக்கி மருந்துகளால் நாடெங்கும் உயிர்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. நல்ல மதிப்பெண்ணுக்காக அந்த மருந்துகளை மருத்துவர்கள் தாராளமாக எழுதத் தூண்டப்படுவார்களோ என்ற அச்சம் எழுந்தது. வலிக் கேள்விகள் முதலில் கட்டணக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டு, மாற்றி எழுதப்பட்டு, 2019 அக்டோபரில் முற்றாக நீக்கப்பட்டன. வலியால் துடித்தவரின் குரலும் அவற்றோடு போயிற்று. கேள்வியைக் கட்டணத்திலிருந்து பிரித்துவிட்டு, கேட்பதை மட்டும் தொடர்ந்திருக்கலாம்.

அனுபவ மதிப்பெண்ணுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள உறவு பற்றியும் கருத்து மோதல் உண்டு. அதிகத் திருப்தி சொன்னவர்களிடையே இறப்பும் செலவும் கூடுதல் என்றது 2012இல் ஃபென்டன் குழுவின் ஆய்வு. 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டாயில் குழு, நல்ல அனுபவமும் பாதுகாப்பும் பலனும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுவதாக மறுஆண்டு எழுதியது. முந்தையது திருப்தியை அளந்தது என்பதை மறந்துவிட்டு இரண்டையும் நேரடியாக ஒப்பிடுவது சரியல்ல.

இந்தியாவில் நடுவண் சுகாதார அமைச்சகம் 2016இல் தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’, குறுஞ்செய்தி, தானியங்கித் தொலைபேசி அழைப்பு, செயலி, இணையதளம் வழியே கருத்துக் கேட்கிறது. திருப்தியா இல்லையா என்று கேட்டு, இல்லையென்றால் காரணத்தைக் கேட்பது அதன் முறை; பிக்கர் வழிக் கேள்விகளின் நுட்பம் அதில் குறைவு.

அமெரிக்காவின் எச்கேப்ஸில் பதில் தருவோர் 2008இல் ஏறத்தாழ 33 விழுக்காடாக இருந்து, 2017இல் 26 ஆகக் குறைந்தனர். 2025 தொடக்கத்திலிருந்து இணையவழியிலும் பதில் தரலாம். எழுதவோ பேசவோ இயலாத நோயாளிக்காக உறவினரோ நண்பரோ பதில் சொல்லவும் இசைவு உண்டு. மருத்துவமனையிலேயே இறந்தவர்களும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்களும் இன்னும் கணக்குக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.