மௌனமும் ஒரு சான்று

இல்லாமையைக் கொண்டு உள்ளதொன்றை அறியலாமா? மணிமேகலை கூறும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. தருக்க நூலாரின் இப்பழைய வினாவை, நம் காலத்திற் புரதங்களின் வடிவை ஆராய்ந்தோரும் எதிர்கொள்ள நேர்ந்தது.

கருக்காந்தப் பரிவு முறையில், இரு ஐதரசன் அணுக்கள் ஏறக்குறைய 5 அங்ஸ்ட்ரோமுக்குள், அதாவது ஒரு மில்லிமீற்றரின் இருபது இலட்சத்தில் ஒரு பங்குக்குள், நெருங்கி நின்றால் அவற்றிடையே ஒரு சைகை தோன்றும். தூரம் இருமடங்கானால் அச்சைகை அறுபத்து நான்கில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். இத்தகைய நெருக்கங்களைத் தொகுத்து, சூரிச் நகரிற் குர்த் வூத்ரிச்சும் அவர்தம் குழுவினரும் 57 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தின் வடிவை 1984 இற் கணித்துக் காட்டினர். கேட்டோர் நம்பவில்லை, உறவுப் புரதமொன்றின் பளிங்கு வடிவைப் பார்த்து அமைத்ததென ஐயுற்றனர். வாதத்தால் தீராத அவ்வையம் சோதனையால் தீர்ந்தது. தெண்டமிஸ்ராற் என்னும் 74 அமினோ அமிலப் புரதத்தை ரொபேட் ஊபர் பளிங்கு முறையாலும் வூத்ரிச் பரிவு முறையாலும் தனித்தனியே ஆராய்ந்தனர். 1986 இல் இரு வடிவங்களும் ஒத்துநின்றன.

இது தோன்றிய சைகைகளின் கதை. தோன்றாதவை என்ன சொல்கின்றன? தோன்றிய சைகை இரு அணுக்களை 'இதற்குள் நில்' என்று கட்டுகிறது. தோன்றாதது 'இதற்கப்பால் நில்' என்று விலக்குகிறது. நெருக்கங்கள் சிலவே, விலகல்களோ எண்ணிறந்தன. 2002 இற் கிரிஷாயெவும் யினாசும் வெளியிட்ட முறையில் இவ்விலகல்கள் கணிப்பிற்கு உறுதுணையாயின.

ஆயினும் மௌனத்துக்குத் தூரம் ஒன்றே காரணமன்று. ஓர் ஐதரசன் சுற்றியுள்ள நீரின் ஐதரசனோடு இடம் மாறிக்கொண்டிருக்கலாம். மூலக்கூற்றின் அப்பகுதி ஓயாது அசையலாம். நீரின் பெருஞ்சைகையை அடக்கியபோது அயலிலிருந்த சிறுசைகையும் அடங்கியிருக்கலாம். கருவியின் இரைச்சலில் மூழ்கியுமிருக்கலாம். (சாசனங்களில் நிலம் ஈந்தவன் பெயர் உண்டு, உழுதவன் பெயரைப் பெரும்பாலும் காணோம். உழுதவனே இருந்ததில்லை என்போமா?)

ஆகவே, கவனமுள்ள ஆய்வாளர் அவ்விரு ஐதரசன்களும் தத்தம் ஏனைய அயலாரோடு தெளிவாகப் பேசுகின்றனவா என்று முதலில் நோக்குவர். ஆங்கெல்லாம் பேசுபவை இங்கு மட்டும் வாளாவிருந்தாலே அம்மௌனத்தைக் கணக்கிற் கொள்வர். கொண்டபோதும் எல்லையைச் சற்றுத் தளர்த்தியே வைப்பர். ஐயத்துக்குரியவற்றை விட்டுவிடுவர். ஏனெனில், பிழையான ஒரு விலக்கு, மெய்யாகவே அடுத்தடுத்து நிற்கும் இரு இழைகளைப் பிரித்துவிடும். கணிப்பொறியோ அதற்கேற்ப வளைந்து, பொய்யான வடிவத்தையும் குறையேதுமற்றது போல வரைந்து தந்துவிடும்.