பள்ளி உடற்கல்வி (தென்காசி வட்டாரம்)

பள்ளி நேரத்துக்குள்ளேயே பிள்ளைகளை ஓடவும் ஆடவும் வைக்கும் ஏற்பாடு. தமிழகத்தில் இதற்கான ஆசிரியர் பயிற்சிக்கு அடித்தளமிட்டவர் ஹாரி குரோ பக். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் பேரூராட்சிகளுள் ஒன்று அச்சன்புதூர். மாநிலத்தின் பிற ஊர்களைப் போலவே இங்கும் பள்ளி விளையாட்டு குறுவட்டப் போட்டியில் தொடங்கி, மாவட்டம் கடந்து, மாநில அளவுக்குப் போகிறது. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. கபடிக்குச் சுண்ணாம்புக் கோடும், கோ-கோவுக்கு அதோடு இரண்டு கம்பங்களும் போதும், பெரிய செலவில்லை. ஆனால் கல்வியாண்டு தொடங்கும் ஜூனில்தான் குற்றாலச் சாரலும் தொடங்குகிறது. கோடு கரைந்துவிடும், மண் வழுக்கும்; தாழ்வாரத்தில் சதுரங்கமும் கேரமும்தான்.

5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஓரிரு பி.டி. பீரியடால் அது நிறைவேறாது. அந்தப் பீரியடையும் தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். போட்டி அணிக்குத் தேறாத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு, அந்த ஒரு பீரியடே மைதானத்தில் கால்வைக்கக் கிடைக்கும் வாய்ப்பு.