முள்வேலிக்குள் ஆப்பிள் கன்றுகள்

ஆப்பிள் விதையை ஊன்றுபவன் எத்தகைய கனியைப் பெறுவான் என்று எவரும் முன்னறிந்து கூற இயலாது. தாய்மரத்தின் இயல்பு விதை வழியே அப்படியே வருவதில்லை. அதனாலேயே நல்ல வகைகளை ஒட்டுக் கட்டிப் பெருக்குகின்றனர். புதுவகை வேண்டுவோரோ விதைகளை முளைக்க விட்டு, அவை காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காய்த்தாலும் பெரும்பாலானவை வெட்டி எறியத்தக்கனவே. இத்துணை நெடிய பணியை, நாளை உயிரோடிருப்போமா என்பதே உறுதியில்லாத ஓரிடத்தில் ஒருவர் தொடங்கினார்.

அவர் கொர்பினியன் ஐக்னர். ஜெர்மனியின் பவேரியாவில், உழவர் குடும்பத்தின் மூத்த மகனாக 1885இல் பிறந்தவர். பண்ணை உரிமையைத் துறந்து 1911இல் குருவானார். இறையியலினும் கனியியலிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி என்று குருமடத்தில் குறைகூறினராம்! பங்குப்பணியிடையே ஆப்பிள், பேரி வகைகளை அஞ்சலட்டை அளவில் வரைந்து வந்தார். அவை ஏறத்தாழ 900.

1939 நவம்பர் 8இல் மியூனிக்கில் ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு தவறிற்று. மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாம் கட்டளையை விளக்கிய ஐக்னர், அம்முயற்சி பாவமா என்று தமக்குத் தெரியவில்லை, நிறைவேறியிருப்பின் பத்து லட்சம் உயிர்கள் தப்பியிருக்கலாம் என்றார். ஆசிரியை ஒருவர் காட்டிக்கொடுத்தார். முதலில் ஏழு மாதச் சிறை, பின்னர் சாக்சன்ஹவுசன், 1941 முதல் டாக்காவ். அங்கு அடைபட்ட மதப்பணியாளர் மட்டும் 2,700 பேருக்கு மேல்.

முகாமின் மூலிகைத் தோட்டத்தில் கடும் உழைப்பு. அவ்வுழைப்பினிடையே, கைதிகளின் இரு குடில்களுக்கு இடைப்பட்ட மண்ணில் விதை ஊன்றி நான்கு புதுக் கன்றுகளை அவர் வளர்த்தெடுத்தார். வதைமுகாமைக் குறிக்கும் ஜெர்மன் எழுத்துகளாலேயே அவற்றிற்கு கே.இசட் 1 முதல் கே.இசட் 4 வரை பெயரிட்டார்.

1945 ஏப்ரலில் கைதிகள் தெற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்ட சாவு ஊர்வலத்திலிருந்து தப்பி, ஒரு துறவு மடத்தில் ஒளிந்து பிழைத்தார். பின் தம் பங்கிற்கே திரும்பி, 1966இல் மறையும்வரை மரங்களோடு வாழ்ந்தார்.

நால்வகையில் பரவி நிலைத்தது மூன்றாவதே. அவரது நூற்றாண்டாகிய 1985இல் அதற்குக் கொர்பினியன் ஆப்பிள் எனப் பெயர் மாற்றினர். அன்புடன் செய்த சிறப்பே அது. ஆயினும், அவர் இட்ட பெயரை விட்டிருக்கலாம் என்றே தோன்றுகிறது. அம்மரம் எங்கே முளைத்ததென்று கேட்கவைக்கும் பெயர் அது. அக்டோபரில் பறிக்கும் அக்கனி, குளிர்ந்த நிலவறையில் வசந்தம்வரை கெடாதிருக்கும்.