ஓட்டை விழாத காலுறை

காலுறையை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஓட்டை விழுந்ததும். மலைப்பாதைகளில் மணிக்கணக்கில் ஓடுகிறவர்களிலும் பலர் இதையே சொல்வார்கள். கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கும்வரை காலுறைக்கு ஆயுள் உண்டு என்பது அவர்கள் கணக்கு. இது கம்பளி நூலின் காலத்தில் பிறந்த கணக்கு; அந்தக் காலத்துக்குச் சரியாகவும் இருந்தது. நைலான் வந்தபின் அது பொய்த்துவிட்டது என்பதே என் வாதம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சாதாரணக் குடும்பங்களில் காலுறையை மொத்தமாகத் தூக்கி எறியும் வழக்கம் இருக்கவில்லை. முதலில் தேய்வது குதிகாலும் விரல்முனையும். அங்கே இழை விட்டுப்போனால், காளான் வடிவ மரக்கட்டை ஒன்றை உள்ளே கொடுத்து, துணியை அதன்மேல் இழுத்துப் பிடித்து, முதலில் நெடுக்கில் இழைகளை ஓட்டுவார்கள். பிறகு குறுக்கே, ஒரு இழைக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக ஊசியை நுழைத்து, ஓட்டை இருந்த இடத்தில் சின்னதாக ஒரு துணியையே நெய்துவிடுவார்கள். டார்னிங் எனப்படும் இந்த வேலையை இங்கிலாந்தில் சிறுமிகளுக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் தாங்காவிட்டால் பாதப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, கணுக்காலிலிருந்து புதுப் பாதம் பின்னிச் சேர்ப்பதும் உண்டு. கம்பளி மெலிவது கண்ணுக்குத் தெரியும், விரலுக்கும் தெரியும். மெலிந்த இடத்தில்தான் ஓட்டை விழும். ஆகவே ஓட்டை நம்பத்தக்க அறிவிப்பாக இருந்தது.

காலுறையின் ஆயுள் ஒரு காலத்தில் ஊரையே கொந்தளிக்க வைத்த விஷயம் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், கால்வர்ட்டன் என்ற ஊரோடு தொடர்புபடுத்தப்படும் வில்லியம் லீ, 1589இல் காலுறை பின்னும் தறியை உருவாக்கினார். அந்த வட்டாரமே பின்னர் காலுறைத் தொழிலின் மையமானது. 1811இல் அங்கே தறிகளை உடைக்கத் தொடங்கிய லட்டைட்டுகளை, இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக இயந்திரத்தில் வேலை செய்தவர்கள். கூலிக் குறைப்போடு சேர்ந்து அவர்களை ஆத்திரப்படுத்தியது ஒரு வகை மட்டச் சரக்கு: அகலத் தறியில் துணியை மொத்தமாகப் பின்னி, காலுறை வடிவில் கத்தரித்து, ஓரத்தைத் தைத்து விற்றார்கள். கரை இல்லாத அந்தத் துணியில் தையல் விட்டதும் இழை மளமளவென்று பிரிந்துவிடும். வாங்கியவர் ஏமாந்தார், தொழிலின் பெயர் கெட்டது. தறி உடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை 1812இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எத்தனை நாள் உழைக்கும் என்பதே காலுறையின் தரம் என்று அந்தத் தொழிலாளர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் உழைப்பதும் பாதத்தைக் காப்பதும் ஒன்றுதானா என்ற கேள்வி அதற்குள் எழவில்லை.

அதை எழுப்பியது முதல் உலகப் போர். 1914–15 குளிர்காலத்தில் சேறும் தண்ணீரும் நிறைந்த பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் நின்ற பிரிட்டிஷ் வீரர்களில் சுமார் 20,000 பேர் ட்ரெஞ்ச் ஃபுட் என்ற பாத நோய்க்கு ஆளானார்கள். பாதம் மரத்து, வீங்கி, முற்றினால் தசை அழுகி, துண்டிக்க வேண்டிய நிலைகூட வந்தது. நனைந்து, குளிர்ந்து, அசையாமல் கிடந்ததே காரணம். படை கண்ட வழி எளியது: பாதத்தைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, உலர்ந்த காலுறைக்கு மாறுவது. அதைத் தவறாமல் செய்கிறார்களா என்று அதிகாரிகள் காலுறையைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அதுவரை ஒட்டுப்போட்டு மாதக்கணக்கில் காப்பாற்றிய பொருளை, ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்ற வேண்டியதாயிற்று. கழற்றிய காலுறையில் ஓட்டை ஏதும் இருந்திராது. துணி முழுசாக இருக்கும்போதே காலுறை தன் வேலையில் தோற்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அடுத்த திருப்பம் நைலான். டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு 1935இல் உருவாக்கிய இந்த இழை, 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் பெண்களின் நீள்காலுறையாகக் கடைக்கு வந்தது. போருக்குப்பின் ஆண்களின் கம்பளி, பருத்திக் காலுறைகளிலும் குதிகாலையும் விரல்முனையையும் வலுப்படுத்த நைலான் கலக்கப்பட்டது. டார்னிங் வீடுகளிலிருந்து மறைந்ததற்குக் காலுறை மலிவானதைப் போலவே இந்த வலுவும் ஒரு காரணம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கலப்பு நூலில் கம்பளியோ பருத்தியோ தேய்ந்து உதிர்ந்தாலும் நைலான் அப்படியே நிற்கும். ஓராண்டு ஓடிய காலுறைக்குள் கையை நுழைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: குதிகாலிலும் முன்பாதத்திலும் விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய வலைதான் மிஞ்சியிருக்கும். ஓட்டை இல்லை, பாதத்துக்கும் ஷூவுக்கும் நடுவே இருந்த மெத்தையும் இல்லை.

அந்த மெத்தைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அமெரிக்கப் பாத மருத்துவர்கள் ஹெரிங்கும் ரிச்சியும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் செய்த நூல் ஒப்பீடுகளிலிருந்து அறியலாம். 1990இல் வெளியான ஆய்வில் அக்ரிலிக் காலுறை போட்டவர்களுக்குப் பருத்தி போட்டவர்களைவிடக் கொப்புளம் குறைவு. நூலில்தான் சூட்சுமம் என்று எல்லோரும் நினைக்க இடமிருந்தது. 1993இல் அடர்த்தியான மெத்தை இல்லாத சாதாரணக் காலுறையில் அதே ஒப்பீட்டைச் செய்தபோது அக்ரிலிக்கின் அனுகூலம் தென்படவில்லை. நல்ல நூலும் அடர்ந்த பின்னலோடு சேர்ந்தால்தான் பலன் தருகிறது என்றே இதை நான் படிக்கிறேன். மலைப்பாதையில் ஓடும்போது மண்ணும் பொடிக்கல்லும் உள்ளே புகுந்து இழையை அரம்போல அராவுகின்றன. இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்குகிறது, ஓடையைக் கடந்தால் எல்லாம் நனைகிறது. உட்பக்கத்து நூல் வளையங்கள் அமுங்கிக் கட்டிதட்டிப்போன காலுறை இந்தச் சோதனையைத் தாங்காது.

ஓட்டை விழாததை மாற்றச் சொல்வது விற்பனையாளரின் வாதம் என்று சிலர் சொல்லலாம். இத்தனை மாதம், இத்தனை கிலோமீட்டர் என்று ஒரே எண்ணை எல்லோருக்கும் விதித்தால் அந்தக் குற்றச்சாட்டு நியாயமே. கருங்கல் பாறையில் ஓடுபவருக்கும் காட்டு மண்ணில் ஓடுபவருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. மெலிவு, துவைத்து உலர்த்தியபின்னும் மாறாத விறைப்பு, ரப்பர் தளர்ந்து குதிகால் வழுக்குவது, புதிதாய் ஓரிடத்தில் தோன்றும் உரசல் ஆகியவை எண்ணைவிட உண்மையான அறிகுறிகள். கொப்புளத்துக்கு ஷூவின் அளவுதான் காரணம் என்பது இன்னொரு ஆட்சேபம். பல சமயம் அது சரியே. ஆனால் முன்பு பொருந்திய ஷூ இப்போது லொடலொடக்கிறது என்றால், அந்த இடைவெளி மெலிந்த காலுறையால் வந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும். புதுக் காலுறை ஷூவைவிட மலிவு. குப்பை பெருகும் என்ற கவலையை மட்டும் எளிதில் ஒதுக்க முடியாது, ஏனெனில் நைலான் மக்காது. அதற்கு விடை பழைய வழக்கத்திலேயே இருக்கிறது. தேயத் தொடங்கும்போதே கம்பளிக் காலுறைக்கு இழை ஓட்டலாம். ஒட்டுப்போட்ட இடம் தடித்து நின்று ஓட்டத்தில் உரசும். அப்படிப்பட்ட ஜோடி நடைக்கும் வீட்டுக்கும் போகட்டும், மலைக்கு மெத்தை குன்றாத ஜோடி போகட்டும்.