இடது காலின் ரகசியம்

அடுத்த முறை மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால், டிரம்ஸ் வாசிப்பவரின் கைகளை விட்டுவிட்டு இடது காலைக் கவனியுங்கள். ஒரு பெடலை மிதித்துக்கொண்டே இருக்கும். அதன் கம்பி உச்சியில் பெரிய சைஸ் ஜால்ரா போல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெண்கலத் தட்டுகள். பெயர் ஹை-ஹாட். 1920-களில் அமெரிக்க ஜாஸ்காரர்கள் இதைத் தரையோடு தரையாக வைத்துக் காலால் மட்டும் வாசித்தார்கள். பிறகு யாருக்கோ கம்பியை உயர்த்தத் தோன்ற, குச்சிக்கும் எட்டியது.

மிதித்துக்கொண்டு அடித்தால் 'டிக்'. காலை எடுத்துவிட்டு அடித்தால் 'ஷ்ஷ்ஷ்...'. பாதி மிதித்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு சலசலப்பு.

இதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

1980-ல் அமெரிக்காவின் ரோஜர் லின், எல்எம்-1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸ் ஒலிகளை டிஜிட்டலாகப் பதிந்து சிப்பில் அடைத்த முதல் டிரம் மெஷின். 1991-ல் 'ஜெனரல் மிடி' என்ற பொது விதி வந்தது. அதில் ஹை-ஹாட்டுக்கு மூன்று எண்கள்: மூடியதற்கு 42, காலால் மிதித்ததற்கு 44, திறந்ததற்கு 46.

சிக்கல் புரிகிறதா? ஒரே வாத்தியம் மூன்றாகிவிட்டது! சும்மா விட்டால் 'ஷ்ஷ்ஷ்' இழுத்துக்கொண்டிருக்கும்போதே 'டிக்'கும் கேட்கும். ஒரு கதவு ஒரே சமயத்தில் திறந்தும் மூடியும் இருப்பதுபோல அபத்தம். இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். மூன்றையும் ஒரே கோஷ்டியில் போட்டு, புதியவன் வந்தால் பழையவன் வாயை மூடவேண்டும் என்று கட்டளை. லினக்ஸில் ஓடும் 'ஹைட்ரஜன்' என்ற இலவச மென்பொருளில் இதற்கு 'மியூட் குரூப்' என்று பெயர்.

சரி, பாதி மிதிப்பு? மிடியில் கால் பெடலுக்கென்றே நாலாம் நம்பர் கன்ட்ரோல் உண்டு. 0 முதல் 127 வரை. 'எஸ்எஃப்இசட்' என்ற வகைக் கோப்பில், பெடல் இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை இருந்தால் இந்த ஒலியை வாசி என்று எழுதிவைக்கலாம். வெறும் டெக்ஸ்ட் கோப்புதான், நீங்களும் நானும்கூட எழுதலாம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிதிப்பில் ஐந்து நிலை, அடியின் வேகத்தில் நாலு. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் மெஷின் கன் சுடுவதுபோல இருக்கும், எனவே ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்று. ஆக அறுபது பதிவுகள்! அப்புறமும் அடுத்தடுத்த நிலைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கத்தான் செய்யும். நிஜக் காலுக்கு நிலைகளே கிடையாது.

கச்சேரி முடிந்து கைதட்டும்போது, அந்தக் காலுக்கும் சேர்த்தே தட்டிவிடுங்கள்.