பெருங்குடல் புற்றுநோயாளருக்கான தன்மேலாண்மைப் பயிற்சி

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றிய புற்றுநோய்க்கு அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய சிகிச்சைகளைப் பெற்றவர், உணவு, நடை, உறக்கம், மலங்கழிப்பு ஆகியவற்றைத் தம் வீட்டிலிருந்தே சீராகக் கவனித்துக்கொள்வதற்கு வேண்டிய திறன்களைப் படிப்படியாகக் கற்பிக்கும் முறை தன்மேலாண்மைப் பயிற்சி எனப்படும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது.

இம்முறையின் அடிப்படை, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய 'தன்திறன் நம்பிக்கை', அதாவது ஒரு செயலைத் தம்மால் செய்து முடிக்க இயலும் என ஒருவர் கொள்ளும் உறுதி. சிறிய இலக்கு ஒன்றை வகுத்து, அதை நாட்குறிப்பில் பதிந்து, தடை வந்தபோது மாற்றுவழி தேடி, மறுவாரம் இலக்கைச் சற்றே உயர்த்தும்போது அவ்வுறுதி வளர்கிறது. அறிவுரை மட்டும் போதாது என்பதற்கு 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வே வலுவான சான்று. அறுவையும் கீமோ மருந்தும் முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளருள் ஒரு பிரிவினருக்கு உடல்நலக் கையேடுகள் மட்டும் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு அவற்றோடு மூன்றாண்டுகள் பயிற்றுநரின் துணையும் கிடைத்தது. எட்டாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் முதற்பிரிவில் 83.2 விழுக்காடு, பயிற்சி பெற்ற பிரிவில் 90.3 விழுக்காடு. வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் விரைந்து நடப்பதற்கு நிகரான கூடுதல் உழைப்பே அவர்களிடம் கேட்கப்பட்டது. ஒரு மருந்துக்கு இணையான பலன் இது என்பதால், இப்பயிற்சியைச் சிகிச்சையின் பகுதியாகவே கருதுவது தகும்.

இப்பயிற்சியை ஊரின் வாழ்க்கை முறைக்கேற்ப வகுக்க வேண்டும் என்பதற்குக் கடலூர் மாவட்டத்து நெய்வேலி நகரியம் ஓர் எடுத்துக்காட்டு. 1956இல் தொடங்கப்பெற்ற நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இரவும் பகலும் இயங்குவதால், இந்நகரியத்தில் ஷிப்ட் வேலையை ஒட்டியே குடும்பங்களின் உணவும் உறக்கமும் அமைகின்றன. இரவுநேர ஷிப்ட் வேலை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2019இல் உறுதிப்படுத்தியது. ஆகவே இங்கு வகுக்கப்படும் இலக்குகள் கிழமையைவிட ஷிப்டைக் கணக்கில் கொள்வது நல்லது. நகரியத்தின் குடியிருப்பு வட்டங்களை இணைக்கும் மரநிழற் சாலைகள் நடைக்கு ஏற்றவை. கோடையில் மட்டும் விடியலும் அந்திக்குப் பிந்தைய நேரமும் உகந்தவை. ஆக்சாலிபிளாட்டின் மருந்தால் பாதம் மரத்துப்போனவர் வெறுங்காலுடன் நடக்கலாகாது; செருப்பைக் கழற்றியதும் புண் உள்ளதா என உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுகுடலின் முனை வயிற்றில் குடல்வாயாகத் திறந்துவிடப்பட்டு, கழிவு பையில் சேரும் நிலையில் உள்ளவருக்குக் கடலூர் மாவட்ட வெயிலில் உடல்நீரைக் காப்பது தனிச் சவாலாகும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலிசெய்யவும், ஒருநாள் வெளியேற்றம் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் வெறும் தண்ணீரையே மிகுதியாகக் குடிக்காமல் உப்புச் சர்க்கரைக் கரைசலை அருந்தி மருத்துவரை அணுகவும் அவர் பழக வேண்டும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் கைக்கெட்டும் ஊரில் உணவுப் பயிற்சிக்கு மற்றொரு நுட்பமும் உண்டு. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளர் 826 பேரைத் தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வு, முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளை வாரம் இருமுறையேனும் உண்டோரிடம் நோய் திரும்புவது குறைவாக இருந்ததைக் கண்டது. நிலக்கடலையில் அத்தொடர்பு தென்படவில்லை. கொட்டையே காரணம் என இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. அதே முந்திரியும் நார்மிகுந்த பலாச்சுளையும் பை பொருத்தப்பட்ட முதல் ஆறு வாரங்களில் குடல்வாயை அடைத்துவிடக்கூடும் என்பதால், அதன்பின் சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்பதே முறை.

நெய்வேலியினர் புதுச்சேரி ஜிப்மருக்கோ, 1954இல் தொடங்கப்பெற்ற சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்லலாம். எனினும் முதல் ஈராண்டில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நிகழும் பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட நாட்களெல்லாம் நோயாளியின் பொறுப்பிலேயே கழிகின்றன. அவ்விடைவெளியைத் தொலைபேசி நிரப்ப இயலும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 410 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட 'கேன்சேஞ்ச்' ஆய்வில், ஆறு மாதங்களில் பதினொரு தொலைபேசி அமர்வுகளைப் பெற்றவர்களின் உடலுழைப்பு ஓராண்டுக்குப் பின்னரும் உயர்ந்திருந்தது.

பயிற்சியில் குடும்பத்தாரும் அமர வேண்டும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் நாற்பது வயதிலோ, நோயாளிக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது குடல் அகநோக்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மலத்தில் குருதி கண்டால் எந்த வயதிலும் மூலம் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.